வடசென்னைக் கடலோரத்தில் நல்ல காபி எங்கே, எப்போது கிடைக்கும்?

பெசன்ட் நகர், ஈசிஆர் பக்கம் காபி குடிக்கப் போக வேண்டிய இடங்கள் என்று பட்டியல் பட்டியலாகக் கிடைக்கிறது, பாரிமுனையிலிருந்து எண்ணூர் வரைக்கும் மட்டும் யாரும் எதுவும் சொல்வதில்லை, அந்தக் கடலோரத்தில் காபிக்கு எங்கே போகலாம் என்று கேட்டிருக்கிறீர்கள். நியாயமான கேள்விதான். பட்டியல் இல்லாமல் போனதற்கு ஒரு காரணம் உண்டு. அதை முதலில் சொல்லிவிட்டு இடங்களுக்கு வருகிறேன்.

நம் கடற்கரையில் மணல் பெரும்பாலும் தெற்கிலிருந்து வடக்கு நோக்கி நகரும். 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் சென்னைத் துறைமுகத்தைக் கட்டியபோது அந்த நகர்வு தடைபட்டது. மணல் தெற்கே தங்கி மெரினா அகலமானது. வடக்கே வரவேண்டிய மணல் வரவில்லை, கடல் உள்ளே ஏறத் தொடங்கியது. ராயபுரம், திருவொற்றியூர் பக்கம் கரையில் மணலைவிடப் பாறாங்கல்தான் அதிகம் கண்ணில் படும். கல்லைக் கொட்டி, கடலுக்குள் நீளும் கல்சுவரான தூண்டில் வளைவு போட்டு, கரையைப் பிடித்து வைத்திருக்கிறார்கள். அதை ஒட்டியே எண்ணூர் விரைவுச்சாலை. அதில் துறைமுகத்துக்குப் போகும் கன்டெய்னர் லாரிகள் இரவு பகல் பாராமல் நிற்கும், நகரும், மறுபடி நிற்கும். கடலைப் பார்த்து நாற்காலி போட்டு ஒருவர் காபி கடை வைக்க வேண்டும் என்றால் முதலில் அவருக்குக் கரை வேண்டும், பிறகு வண்டி நிறுத்த இடம் வேண்டும். இரண்டும் இங்கே கிடையாது. அதனால் அலையைப் பார்த்துக்கொண்டே காபி குடிப்பதுதான் உங்கள் நோக்கம் என்றால் பெசன்ட் நகருக்கே போய்விடுங்கள். நான் தடுக்க மாட்டேன்.

நல்ல காபிதான் வேண்டும் என்றால், வடசென்னையில் கடைப் பெயரைவிட நேரம் முக்கியம். காபியைக் கெடுப்பவை பெரும்பாலும் இரண்டே விஷயங்கள், பழைய டிகாக்ஷனும் பலமுறை காய்ந்த பாலும். காலை ஐந்து மணிக்கு இறக்கிய டிகாக்ஷன் பதினோரு மணிக்குக் கசந்துபோயிருக்கும். பாலும் அப்படித்தான், காயக் காய சுண்டி ஒரு தனி வாசனை வந்துவிடும். கூட்டம் நெருக்கும் நேரத்தில் எந்தக் கடையிலும் டிகாக்ஷன் தங்காது, பால் பாக்கெட்டை வெட்டிக்கொண்டே இருப்பார்கள். வடசென்னை வேலை செய்கிற ஊர். ஒவ்வொரு பேட்டைக்கும் ஒரு நெருக்கடி நேரம் உண்டு. அந்த நேரத்துக்கு அங்கே போய் நின்றால் சுமாரான கடைகூட நல்ல காபி தரும். அதே கடைக்கு மதியம் மூன்று மணிக்குப் போய்விட்டு வந்து என்னைத் திட்டாதீர்கள்.

இன்னொன்று. தெருவோரக் கடையில் காபி என்று கேட்டால் பல இடங்களில் வருவது இன்ஸ்டன்ட் தூளைப் பாலில் கலக்கி, நுரை பொங்க ஆற்றிய காபி. அது ஒன்றும் பாவமில்லை, எனக்கும் பிடிக்கும். ஆனால் அதை மனதில் வைத்துக்கொண்டு குடிக்க வேண்டும். "மாஸ்டர், பில்டரா, ப்ரூவா?" என்று கேட்டால் மறைக்காமல் சொல்லிவிடுவார்கள். ப்ரூ என்றால் எந்தக் கம்பெனித் தூளாகவும் இருக்கலாம். பில்டர் என்று சொன்னால் டிகாக்ஷன் எப்போது இறக்கியது என்று அடுத்த கேள்வியைக் கேட்கலாம். உரிமையாகக் கேளுங்கள், யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள்.

காசிமேட்டிலிருந்து தொடங்குவோம், எல்லோரும் முதலில் கேட்பது அதைத்தான். மீன்பிடித் துறைமுகத்தில் நள்ளிரவு தாண்டியே வேலை ஆரம்பித்துவிடும். விசைப்படகுகள் வர வர ஏலம் நடக்கும். ஞாயிற்றுக்கிழமை விடியற்காலையில் நகரத்தில் பாதிப்பேர் அங்கேதான் இருப்பார்கள். அந்தக் கூட்டத்துக்கு நடுவில் கிடைக்கும் சூடான கிளாஸ் ஒன்றுக்கு ஈடு கிடையாது. ஆனால் உண்மையைச் சொல்லிவிடுகிறேன், காசிமேடு டீயின் ஊர். ஐஸ் பெட்டி தூக்கியவருக்கும் வலை இழுத்தவருக்கும் வேண்டியது ஸ்ட்ராங்கான, சர்க்கரை தூக்கலான டீ. மாஸ்டரின் கையும் அதற்குத்தான் பழகியிருக்கும். அங்கே போய் காபி கேட்டால் கிடைக்கும், ஆனால் நீங்கள் ஊர் தெரியாதவர் என்பது தெரிந்துவிடும். டீயே குடியுங்கள், கூட ஒரு பொறை. காபிக்கு இருக்கவே இருக்கிறது அடுத்த இடம். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலத்தில் விசைப்படகுகள் கடலுக்குப் போகாது. பைபர் படகுகள் மட்டும் போய்வரும். அப்போது இந்தப் பக்கமே சோம்பல் பிடித்துக் கிடக்கும், டீக்கடைகளும் சேர்ந்துதான். அந்த இரண்டு மாதம் விடியற்காலைப் பயணம் வேண்டாம்.

காசிமேட்டிலிருந்து ராயபுரம் கல்மண்டபத்துக்கு வந்தால் காட்சி மாறும். காய்கறிக் கடை, பூக்கடை, பஸ்ஸுக்கு நிற்பவர்கள், பள்ளிக்கூடத்துக்குப் பிள்ளையை விட்டுவிட்டுத் திரும்புபவர்கள். ஆறரையிலிருந்து எட்டரை வரை சைவ ஓட்டல்களில் டிகாக்ஷன் நிற்காமல் இறங்கும். இட்லி, பொங்கல் விற்கும் கடையில்தான் காபியைத் தேட வேண்டும், டீக்கடையில் இல்லை. இது வடசென்னை முழுவதற்கும் பொருந்தும். டிபன் கடைக்காரரின் காபி சரியில்லை என்றால் வாடிக்கையாளர் மறுநாள் இட்லிக்கும் வர மாட்டார், அதனால் கவனம் இருக்கும். காபி முடிந்ததும் ராயபுரம் ரயில் நிலையம் வரை நடந்துவிட்டு வாருங்கள். தென்னிந்தியாவின் முதல் ரயில் 1856இல் இங்கிருந்துதான் வாலாஜா ரோடுக்குக் கிளம்பியது. 1949 செப்டம்பரில் திமுக தொடக்க விழாக் கூட்டம் நடந்த ராபின்சன் பூங்காவும் இந்தப் பேட்டைதான். அந்தக் கூட்டத்தைப் பற்றி இந்தப் பக்கத்துப் பெரியவர்களிடம் பேச்சுக் கொடுத்தால் இரண்டாவது காபி அவர்கள் செலவிலேயே வந்துவிடும். அரசியல் பேசாத டீக்கடை பெஞ்சு ராயபுரத்தில் இருந்தால் அதற்கு ஏதோ உடம்பு சரியில்லை என்று அர்த்தம்.

என் தனிப்பட்ட விருப்பம் பாரிமுனை. வடசென்னையில் எனக்கு ஒரே ஒரு காபிதான் அனுமதி என்றால் அதை இங்கேதான் குடிப்பேன், வாரநாள் காலை ஒன்பதரைக்கு. உயர் நீதிமன்றம் பத்தரைக்கு உட்காரும். அதற்கு முந்தைய ஒரு மணி நேரம் தம்புச் செட்டித் தெரு, லிங்கிச் செட்டித் தெரு, அங்கப்ப நாயக்கன் தெரு, என்எஸ்சி போஸ் சாலை எங்கும் கறுப்புக் கோட்டும் கேஸ் கட்டும்தான். வக்கீல், குமாஸ்தா, வாய்தாவுக்கு ஊரிலிருந்து வந்தவர், கப்பல் சரக்கு ஏஜென்சி ஆள், பேப்பர் மார்ட் முதலாளி என எல்லோரும் காபிக்கு ஒரே நேரத்தில் வருவார்கள். யாருக்கும் உட்கார நேரமில்லை. அதனால் நின்றுகொண்டு குடிக்கும் கடைகளே இங்கே அதிகம், காபியும் டபரா டம்ளரில் சட்டென்று வரும். டிகாக்ஷன் அடுக்கடுக்காக இறங்கிக்கொண்டிருக்கும். முதல் டிகாக்ஷனில் கள்ளிச்சொட்டாக ஒரு காபி வாங்குவதற்கு இதைவிடச் சரியான இடமும் நேரமும் எனக்குத் தெரியாது.

குடித்துவிட்டு உடனே திரும்பிவிடாதீர்கள். தம்புச் செட்டித் தெருவில் காளிகாம்பாள் கோயில். ஆர்மேனியன் தெருவில் 1772இல் கட்டிய ஆர்மேனியத் தேவாலயம், அதே தெருவில் கச்சாலீசுவரர். இரண்டாவது காபிக்கு இடைவெளியும் கிடைத்துவிடும். ஆனால் ஒன்று, ஞாயிற்றுக்கிழமை இங்கே வரவே வராதீர்கள். கடைகள் பாதிக்கு மேல் மூடியிருக்கும். திறந்திருக்கும் கடையிலும் நான் முதலில் சொன்ன பழைய டிகாக்ஷன் உங்களுக்காகக் காத்திருக்கும். வண்டி எடுத்து வருவதும் வீண்வேலை. உயர் நீதிமன்றம் மெட்ரோவிலோ மண்ணடி மெட்ரோவிலோ இறங்கி நடப்பதுதான் சரி.

பக்கத்திலேயே சௌகார்பேட்டை. தங்கசாலைத் தெருவில் காபியைத் தேடாதீர்கள் என்பதே என் ஒரே ஆலோசனை. அது மசாலா டீக்கும் பாதாம் பாலுக்கும் ஜிலேபிக்கும் பேர் போன தெரு. ககடா ராம்பிரசாத் மாதிரி கடைகளில் சூடான ஜிலேபி தின்ற வாய்க்கு எந்தக் காபியும் கசக்கத்தான் செய்யும். மாலையில் என்எஸ்சி போஸ் சாலையில் சீனா பாய் டிபன் சென்டரின் நெய் இட்லியும் ஊத்தப்பமும் சாப்பிட்டுவிட்டு, அப்புறம் பக்கத்துச் சைவ ஓட்டல் எதிலாவது காபி குடிப்பது வேண்டுமானால் நல்ல வரிசை. நெய்க்குப் பிறகு ஸ்ட்ராங் காபி நன்றாக இறங்கும்.

இரவு ஒன்பதுக்கு மேல் என்றால் மண்ணடி. கீழக்கரை, காயல்பட்டினத்து வியாபாரிகள் பல தலைமுறையாகப் புழங்கும் பகுதி. இங்கே பார்க்க வேண்டியது சுக்குக் காபி. சைக்கிளிலோ தள்ளுவண்டியிலோ பாத்திரத்தைக் கட்டிக்கொண்டு வருவார்கள். சுக்கு, மல்லி, மிளகு, கருப்பட்டி. காபித்தூள் ஒரு சிட்டிகைகூடக் கிடையாது, பாலும் கிடையாது. தொண்டை கட்டியவருக்கு மருந்து, மற்றவருக்குத் தூங்கப் போகும் முன் ஒரு சூடு. கருப்பட்டிக்குப் பதில் வெறும் வெல்லமோ சர்க்கரையோ போடுபவர்களும் உண்டு, முதல் வாயிலேயே தெரிந்துவிடும். ரமலான் மாதத்தில் இந்தத் தெருக்கள் விடிய விடிய விழித்திருக்கும். பாலும் டிகாக்ஷனும் நள்ளிரவிலும் புதிதாக இருக்கும் ஒரே மாதம் அது. அந்த நாட்களில் தராவீஹ் என்னும் இரவுத் தொழுகை முடிந்து கூட்டம் வெளியே வரும் நேரத்துக்குப் போய்ப் பாருங்கள். வரும் வழியில் பர்மா பஜார் பக்கம் பர்மிய நூடுல்ஸான அத்தோவும் வாழைத்தண்டு சூப்பும் சாப்பிடுவது உங்கள் இஷ்டம். பூண்டு வாசனையோடு காபி குடிக்க எனக்கு மனசு வராது.

வண்ணாரப்பேட்டை எம்.சி. ரோடு துணிக்கடைக் கூட்டத்துக்கு மாலையில்தான் காபி. ஆடித் தள்ளுபடி, தீபாவளி சமயத்தில் நிற்க இடம் கிடைக்காது, அதனால் காபி மட்டும் குடிக்க அங்கே போக வேண்டாம். புடவை எடுக்கப் போனவர்கள் குடித்துவிட்டு வரலாம். ஸ்டான்லி மருத்துவமனை வாசல் கடைகள் எப்போதும் விழித்திருக்கும். அங்கே காபியின் ருசியைக் கவனிக்கிற மனநிலையில் யாரும் இருக்க மாட்டார்கள், நானும் அதைப் பற்றி எழுதப் போவதில்லை.

அடுத்து திருவொற்றியூர். பாரிமுனைக்கு அடுத்தபடியாக நான் சிபாரிசு செய்வது இதுதான், குறிப்பாகக் குடும்பத்தோடு போகிறவர்களுக்கு. 2021 பிப்ரவரியில் மெட்ரோ விம்கோ நகர் வரை நீண்ட பிறகு போய்வருவது எளிதாகிவிட்டது. முன்பு திருவொற்றியூர் நெடுஞ்சாலையில் லாரிக்குப் பின்னால் ஊர்ந்து போய்ச் சேருவதற்குள் காபி ஆசையே போய்விடும். இப்போது திருவொற்றியூர் தேரடி நிலையத்தில் இறங்கினால் தியாகராஜர் கோயில் பக்கத்திலேயே. வடிவுடை அம்மன் சன்னதிக்கு வெள்ளிக்கிழமையும் பௌர்ணமியும் கூட்டம் சேரும். பௌர்ணமி அன்று காலையில் மேலூர் திருவுடை அம்மன், உச்சி வேளையில் இங்கே வடிவுடை அம்மன், மாலையில் வடதிருமுல்லைவாயில் கொடியிடை அம்மன் என்று மூன்று கோயிலையும் ஒரே நாளில் தரிசிக்கும் வழக்கம் இருக்கிறது. அதனால் அன்றைக்கு மட்டும் இந்தத் தெருக்களில் நடுப்பகலிலும் காபி புதிதாக இருக்கும். கார்த்திகைப் பௌர்ணமியை ஒட்டிய மூன்று நாள் இந்தக் கோயிலின் மூலவர் ஆதிபுரீசுவரரின் கவசம் திறப்பு. அப்போது போகிறவர்கள் காபியை மறந்துவிட்டு வரிசையில் நிற்பதே நல்லது.

சாதாரண நாளில் காலை நடை திறந்த பிறகு ஏழு மணிவாக்கில் சரியான நேரம். சன்னதித் தெருவிலும் மாட வீதிகளிலும் கோயிலை நம்பிய சின்னச் சின்ன டிபன் கடைகளில் தரிசனம் முடித்தவர்கள் முதலில் கேட்பதே காபிதான். பாரிமுனையின் அவசரம் இங்கே இல்லை. உட்கார்ந்து, ஆற்றி, பேசிக் குடிக்கலாம். காபி குடித்துவிட்டுக் கிழக்கே நடந்தால் கடலோரத்தில் பட்டினத்தார் சமாதி. இந்தக் கடலோரத்தில் அமைதியாகக் கொஞ்ச நேரம் கடலைப் பார்க்க எனக்குத் தெரிந்து இதுதான் நல்ல இடம். காபியைக் கையில் எடுத்துப் போகலாம் என்றால் பார்சல் கட்டித் தருவார்கள், ஆனால் பிளாஸ்டிக் பையில் காபி கட்டி வாங்காதீர்கள். வீட்டிலிருந்து ஒரு சின்ன பிளாஸ்க் எடுத்துப் போனால் வேலை முடிந்தது.

திருவொற்றியூர் வரை வந்துவிட்டதால் தண்ணீரைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். மீஞ்சூரைச் சுற்றிய பகுதிகளில் பல பத்தாண்டுகளாக நிலத்தடி நீரை அளவுக்கு மீறி உறிஞ்சியதில் கடல்நீர் உள்ளே புகுந்துவிட்டது. கடலோரத்துப் பேட்டைகளிலும் போர்வெல் தண்ணீர் பல இடங்களில் கரிக்கும். அந்தத் தண்ணீரில் டிகாக்ஷன் இறக்கினால் எவ்வளவு உசத்தியான தூளும் எடுபடாது. அதனால் காபிக்கு என்று கேன் தண்ணீரோ குடிநீர் வாரியத்தின் மெட்ரோ தண்ணீரோ தனியாக வைத்திருக்கும் கடைதான் தேறும். அடுப்புக்குப் பக்கத்தில் கேன் கவிழ்த்து வைத்திருந்தால் தைரியமாகச் சொல்லுங்கள் ஆர்டரை. 2010இல் காட்டுப்பள்ளியில் தொடங்கிய, நாளொன்றுக்கு 10 கோடி லிட்டர் சுத்திகரிக்கும் கடல்நீர் குடிநீர் ஆலையின் தண்ணீர்தான் வடசென்னையின் பல பகுதிகளுக்கு வருகிறது. அலையைப் பார்த்துக் காபி குடிக்க இடமில்லாவிட்டால் என்ன, கடலையே காபியில் ஊற்றிக் குடித்துக்கொண்டிருக்கிறோம்.

எண்ணூருக்குக் காபிக்காக மட்டும் போகச் சொல்ல மாட்டேன். கொசஸ்தலை ஆறு கடலில் கலக்கும் முகத்துவாரத்தைப் பார்க்க, நெட்டுக்குப்பம் பக்கம் கடலோரத்தில் நிற்கப் போகலாம். கடைகள் மறுபடி டீயின் கடைகள். ஆலைகளில் ஷிப்ட் மாறும் நேரத்தில் டீ, வடை இரண்டுமே சூடாக இருக்கும். பழவேற்காடு வரை நீள்கிற எண்ணம் இருந்தால் திருவொற்றியூரிலேயே பிளாஸ்கை நிரப்பிக்கொள்ளுங்கள்.

ஏசி போட்ட, கப்பச்சினோ தரும் கடைகளும் இந்தப் பக்கம் இப்போது வந்துவிட்டன. கல்லூரிப் பிள்ளைகள் பிறந்தநாள் கொண்டாடவும், லேப்டாப் வைத்து வேலை பார்க்கவும் நல்ல இடங்கள். கோல்ட் காபி நன்றாகவே இருக்கிறது. ஆனால் அதற்காகத் தெற்கிலிருந்து யாரும் வடக்கே வர வேண்டியதில்லை. பித்தளை டபராவை வாசலில் பெரிதாக வைத்து டிகிரி காபி என்று போர்டு மாட்டிய கடைகளிலும் டபராவைப் பார்த்து ஏமாற வேண்டாம், அதே கேள்வியைக் கேளுங்கள், டிகாக்ஷன் எப்போது இறக்கியது?

சரி, தூள். வெளியே குடிப்பதைவிட வீட்டில் போட்டுக்கொள்வதுதான் இஷ்டம் என்பவர்களுக்கு, ஜார்ஜ் டவுனிலும் பெரம்பூரிலும் கண் முன்னால் அரைத்துத் தரும் கடைகள் இருக்கின்றன. பெரம்பூர் கடலோரம் இல்லைதான், ஆனால் ரயில்வே குடும்பங்கள் நிறைந்த ஊர், காபி விஷயத்தில் விட்டுக்கொடுக்காத ஊர். பீபெரி, பிளான்டேஷன் ஏ என்ற இரண்டு கொட்டை வகையும் பாதிப் பாதி என்பது பலரும் கேட்கும் கலவை. சிக்கரி எவ்வளவு என்பதை நீங்கள்தான் சொல்ல வேண்டும், சொல்லாவிட்டால் கடைக்காரர் தன் கணக்குக்குப் போட்டுவிடுவார். கலவையில் காபி குறைந்தது 51 சதவீதம் இருக்க வேண்டும் என்பது சட்டம், அதாவது சிக்கரி 49 வரை போகலாம். என் நாக்குக்கு 20 சிக்கரி போதும். டிகாக்ஷன் கெட்டியாகவும் கறுப்பாகவும் இருக்கும், காபி வாசனையும் அமுங்காது. பாலுக்கு ஆவின் ஆரஞ்சு பாக்கெட், 6 சதவீதக் கொழுப்பு. நீலப் பாக்கெட்டில் பாதிதான் இருக்கும், அதில் போட்டுவிட்டுக் கடைக் காபி போல வரவில்லை என்று தூளைக் குறை சொல்லக்கூடாது. ஒரு தடவைக்குக் கால் கிலோவுக்கு மேல் வாங்காதீர்கள். அரைத்த சூடு ஆறுவதற்குள் டப்பாவில் போட்டு இறுக்கி மூட வேண்டாம், சூடு தணிந்த பிறகு மூடுங்கள். நம் ஊர்க் கடல்காற்றின் ஈரத்தில் திறந்து வைத்த தூள் சீக்கிரமே கட்டி பிடித்து வாசனை விட்டுவிடும்.